தேரும் வடமும்

பழைய பார லொறிகளைத் தேடியெடுத்துத் திருத்தி ஓட்டுவோருக்கென 1958இல் இங்கிலாந்தில் ஒரு கழகம் தோன்றியது. 1962 முதல் அவ்வண்டிகள் இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை அணிவகுத்துச் செல்கின்றன. ஓய்வும் பணமும் உள்ளவர்களின் பொழுதுபோக்குத்தான். ஆயினும் நாம் நகைப்பதற்கில்லை. நம்மிடமும் தலைமுறை தலைமுறையாகச் செப்பனிடப்படும் கனவண்டி ஒன்று உண்டு.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் ‘தேரோடும் கோயில்’ என்றே பெயர் பெற்றது. நெல் விளைவிக்கும் கைகளே அங்கு வடம் பிடிக்கின்றன. மரத்தேருக்கு எந்திரமேது? அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சில்லின் கீழ் இடப்படும் முட்டுக்கட்டையே. கட்டையிடும் தொழிலாளி கணப்பொழுது பிந்தினால் அவர் உயிருக்கே ஆபத்து. வெயிலும் மழையும் கறையானும் மரத்தை அரிக்க, அச்சையும் சில்லையும் சட்டங்களையும் தச்சரும் கொல்லரும் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். லொறி அன்பரோ பழைய உறுப்புக்காகவே ஏங்குவார்.

தமிழகத்தில் திருவாரூர் ஆழித்தேர் 1948க்குப் பின் ஓடாது நின்று, 1970இல் மீண்டும் ஓடியது. திருச்சி பாரத மிகுமின் ஆலை அதற்கு இரும்பு அச்சும் நீரழுத்தத் தடையும் அமைத்துத் தந்தது. முன்னூறு தொன் கனத்தையே நகர்த்த வழி கண்டாயிற்று.

சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியிலோ நிலை வேறு. அங்கு ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிக்கும் உரிமையைக் கேட்டபோது, 1998இல் தேரோட்டமே நின்றது. பிறகு திருப்பணியைக் காரணம் காட்டியும் பல்லாண்டுகள் தேர் நிலையிலேயே கிடந்தது. புதிய தேர் வீதிக்கு வந்தது 2024இல்.