மன்றாடுவோமாக

திருப்பலியில் பாவமன்னிப்பு வேண்டி, 'உன்னதங்களிலே' பாடி முடித்ததும் குருவானவர் "மன்றாடுவோமாக" என்கிறார். சற்று மௌனம். பிறகு நீண்ட ஒரே வாக்கியமாக ஒரு செபம்; மக்களின் ஆமென். ஒரு நிமிடம்கூட ஆகாத இதற்குச் 'சபை மன்றாட்டு' என்று பெயர். இப்போது 'திருக்குழும மன்றாட்டு'.

வாலாஜாபாத் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு 'சபை', 'மன்றாட்டு' என்ற இந்தச் சொற்களின் பழைய வீடு தூரமில்லை. பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே பராந்தகச் சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், சபையின் வாரியங்களுக்குக் குடவோலை எடுத்த முறையைச் சொல்கின்றன. இன்னும் பழையது திருநெல்வேலிச் சீமை மானூர்க் கல்வெட்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலம். சபையில் 'மன்றாட' யாருக்கு உரிமை என்பதை அது வரையறுக்கிறது. எதைச் சொன்னாலும் 'அன்று' என்று முட்டுக்கட்டை போடுபவருக்கு ஐந்து காசு தண்டமும் உண்டு! (நம் மன்றங்களுக்கு இந்த விதி ஆகாது, கஜானா நிரம்பிவிடும்.)

மன்று என்பது ஊர் கூடும் பொதுவெளி. அங்கே எழுந்து பேசுவது மன்றாடுவது. மன்று விதித்த தண்டம் மன்றுபாடு. அன்றைக்கு மன்றாடியவன் கெஞ்சவில்லை, தன் பங்கின் உரிமையில் பேசினான். நியாயம் கேட்டு நின்றவனின் குரல்தான் காலப்போக்கில் காலில் விழும் குரலாகியிருக்க வேண்டும். இன்று கடன்காரனிடம் தவணை கேட்பதும் மன்றாட்டுதான்.

இலத்தீனில் இந்தச் செபத்தின் பெயர் 'கொலெக்தா', திரட்டியது என்று பொருள். மௌனத்தில் அவரவர் வைத்த வேண்டுதல்களைத் திரட்டிக் குருவானவர் ஒன்றாக ஒப்படைக்கிறார். ஆகவே 'நான்' வராது, 'நாங்கள்'தான். அந்த மௌனத்தை விழுங்கிவிட்டு வேகமாக வாசிக்கும் குருவானவரிடம் திரட்ட என்ன இருக்கும்? வாக்கிய அமைப்பும் கவனிக்கத்தக்கது. இலத்தீன் பெரும்பாலும் முதலில் இறைவனை விளித்து, அவர் செய்ததைப் பின்னால் சொல்லும். தமிழில் எச்சம் முன்னே வருவதால், செய்ததையெல்லாம் அடுக்கிய பிறகே 'இறைவா' வருகிறது.

'சபை மன்றாட்டு' என்றால் கூட்டம் இரண்டு முறை வருகிறது. மன்றுக்குள்ளேயே சபை இருக்கிறதே. 'திருக்குழும' என்று மாற்றியும் அந்த இரட்டிப்பு போகவில்லை. ஆனாலும் இது வீணில்லை என்பேன். உத்திரமேரூரில் குடவோலைக்குப் பெயர் எழுத வரி கட்டும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் 35 முதல் 70 வயதும் வேண்டும். கோயிலில் "மன்றாடுவோமாக" என்ற அழைப்பு நிலமற்றவருக்கும் சிறுவருக்கும் சேர்த்துத்தான். நடப்பில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்காகச் சுவரே எழுப்பினார்கள் என்பது வேறு கதை.

ஆண்டில் ஒரு நாள் அழைப்பு இல்லாமலே இந்தச் செபம் தொடங்கும். பெரிய வெள்ளியன்று குருவானவர் தரையில் விழுந்து வணங்கி எழுந்து, "மன்றாடுவோமாக" சொல்லாமல் நேரே செபிக்கிறார். ஆனால் பின்னால் வரும் பத்துப் பொது மன்றாட்டுகளில் பழைய ஒழுங்கு முழுதாக இருக்கிறது: யாருக்காக என்று முதலில் அறிவிப்பு, அடுத்து மௌனம், அப்புறம் செபம். திருச்சபையில் தொடங்கி, கிறிஸ்துவை நம்பாதவரும் கடவுளையே நம்பாதவரும் நாட்டை ஆள்வோரும் அந்தப் பத்தில் வருகிறார்கள்.