திருச்சியின் ராக்காவல்

1750களின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போரின்போது, திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் எப்போதும் ஓர் ஆள் தொலைநோக்கியும் கையுமாக இருப்பான். கீழே ஊர், வடக்கே காவிரி, ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம் கோயிலின் மதில்கள். 1752இல் பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளியான சந்தா சாகிபின் படை அந்த மதில்களுக்குள் ஒடுங்கியிருந்தது. பக்கத்தில் திருவானைக்காவலில் பிரெஞ்சுக்காரர்கள். எதிரி முகாமில் ஏதாவது அசைந்தால், அவன் சைகை காட்டியும் சீட்டு எழுதி அனுப்பியும் கீழே இருந்த ஆங்கிலேயத் தளபதிகளுக்குச் சொல்லிவிடுவான். போர் நெடுகிலும் இந்த ஏற்பாடு பெரிதாகக் கைகொடுத்தது என்று 1763இல் வெளிவந்த தன் நூலில் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதியிருக்கிறார். 83 மீட்டர் உயரப் பாறை, ஒரு கண்ணாடி, செய்தி அனுப்ப ஒரு வழி. தூரத்தில் நடப்பதை இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்குத் திருச்சியில் இதைவிடத் தெளிவான பழைய உதாரணம் கிடையாது.

ஆனால் தொலைநோக்கிக்கு இருட்டில் வேலையில்லை. 1753 நவம்பர் இறுதியில், நிலவு மறைந்த ஓர் அதிகாலையில், பிரெஞ்சுப் படை அகழியைக் கடந்து, ஏணி வைத்து, கோட்டையின் வடமேற்கு மூலைக்கு அருகிலிருந்த டால்டன் பீரங்கி மேட்டில் ஏறியது. காவலுக்கு இருந்த சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார்கள். சத்தமில்லாமல் உள்ளே போயிருந்தால் கோட்டை அன்றே கைமாறியிருக்கும். ஆனால் வந்தவர்களில் சிலர் உள்ளே இருந்த ஆழமான பள்ளத்தில் விழுந்து அலறினார்கள். மற்றவர்கள் அங்கிருந்த பீரங்கிகளையே ஊர்ப் பக்கம் திருப்பிச் சுட்டார்கள். கோட்டை முழுதும் விழித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான பிரெஞ்சு வீரர்கள் பிடிபட்டார்கள்.

இன்றைய மெயின்கார்டு கேட், செயின்ட் ஜோசப் கல்லூரி, சத்திரம் பேருந்து நிலையம் எல்லாம் பழைய கோட்டையின் அந்த மேற்குப் பக்கத்தை ஒட்டியவைதான். 2019 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜெயந்தியன்று காலை, சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியைத் திறந்த ஊழியர்கள் தரைத்தளத்து நகைத் தட்டுகள் காலியாகக் கிடப்பதைக் கண்டார்கள். பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை. போன நகைகளின் மதிப்பு சுமார் 13 கோடி ரூபாய். கேமராக்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. விலங்கு முகமூடி போட்ட இருவர் நிதானமாக நகைகளை அள்ளுவதும், மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப்பொடி தூவுவதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. வாசலில் காவலாளிகளும் இருந்தார்கள். அந்த நேரத்தில் அந்தத் திரையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அடுத்த நாள் இரவு திருவாரூரில் போலீஸார் நடத்திய வாகனச் சோதனைதான் முதல் பிடியைக் கொடுத்தது.



பதிவு வேறு, காவல் வேறு. இந்த வித்தியாசம் நம் ஊரில் பழைய காலத்திலேயே தெரிந்திருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற பெயரில் ஊர்க்காவலும் அதற்கான வரியும் வருகின்றன. பிற்காலத்தில் ஊர்க் காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. பதிலுக்கு, களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தானே ஈடுகட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் மிரட்டலும் இருந்தது. காவல் கூலி கொடுக்காத வீட்டில் களவு நடப்பது வழக்கமான புகார். 1816இல் சென்னை மாகாண அரசு கிராமப் போலீஸ் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் பல இடங்களில் பழைய காவல் நெடுநாள் தொடர்ந்தது. குறைகள் ஆயிரம் இருந்தாலும், களவுக்குப் பதில் சொல்ல ஒரு பெயர் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஸ்ரீரங்கத்தில் இன்னொரு காவல் இருந்தது: திண்ணை. உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் சுவரோடு சுவர் ஒட்டிய நீண்ட வீடுகள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கண்ணில் படாமல் புது ஆள் ஒருவர் வீதியைக் கடப்பது கடினம். பல வீடுகள் இன்று அடுக்குமாடிகள் ஆகிவிட்டன. இருப்பவர்களில் வயதானவர்கள் நிறைய. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். வாசல் நிலைக்கு மேல் கேமரா வந்தது இந்தச் சூழலில்தான்.

அது வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டு வாசலைக் கேமராவில் பார்க்கும் அமைப்புக்கு 1966இல் காப்புரிமை கேட்டவர், நியூயார்க்கில் நேரங்கெட்ட நேரத்தில் தனியாக இருக்க நேர்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். 1969இல் அது கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு காபிக் குடுவை காலியா என்று பார்க்க 1991இல் வைத்த கேமரா, 1993இல் இணையத்தில் ஏறியது. 1996இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் இணையத்தோடு நேராக இணையும் கேமராவை விற்கத் தொடங்கியது. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005இல் வந்த பிறகுதான் நம் வீடுகளுக்கு இதெல்லாம் கைக்கெட்டியது.

ஆரம்பத்தில் அது பெரும்பாடு. கேமரா வயர்களெல்லாம் காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டிக்குள் போகும். வெளியூரிலிருந்து பார்க்க, மோடத்தில் ஒரு போர்ட்டைத் திறந்து டிவிஆருக்குத் திருப்பிவிட வேண்டும். கரண்ட் போய் வந்தால் வீட்டின் ஐபி முகவரி மாறிவிடும். மாறாத முகவரிக்குத் தனிக் கட்டணம். கைபேசி நெட்வொர்க்கில் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி என்பதால் இந்த வித்தையே பலிக்காது. இன்று பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் செய்தால் போதும். கேமராவே கம்பெனி சர்வரைத் தேடிப் போய் இணைந்துகொள்கிறது. எளிது, ஆனால் வீட்டுக் காட்சிக்கு நடுவில் இன்னொருவரின் சர்வர் வந்துவிட்டது.

திறந்த போர்ட்டின் விலையை உலகம் 2016இல் கண்டது. மிராய் என்ற தீநிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ரௌட்டர்களையும் தேடிப் பிடித்தது. சுமார் 60 பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது; அவ்வளவே. அந்தப் படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே முடங்கின. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டின் ஒரு மகப்பேறு மருத்துவமனைக் கேமராக் காட்சிகள் வெளியே விற்பனைக்குப் போனது இன்னும் கொடுமை.

சரியான சொல் சொன்னவனை உள்ளே விடும் ஆபத்து திருச்சிக்குப் புதிதல்ல. 1752 ஏப்ரலில் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் சமயபுரத்தில் முகாமிட்டிருந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் இரவில் அனுப்பிய படையின் முன்வரிசையில் ஆங்கிலேயப் படையிலிருந்து ஓடிப்போனவர்கள் இருந்தார்கள். காவலாள் மறித்தான். "மேஜர் லாரன்ஸ் எங்களைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார்" என்ற பொருளில் ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. உள்ளே விட்டான். கிளைவ் உயிர் தப்பியது பெரும் அதிர்ஷ்டம்.

இந்தியாவில் விற்கும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. நல்ல முடிவு, தாமதமான முடிவு. ஏற்கெனவே சுவரில் இருக்கும் லட்சக்கணக்கான பழைய கேமராக்களுக்கு வீட்டுக்காரர்தான் காவல்.

இந்தக் காலத்துக்கே உரிய ஒரு வசதியும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அதிகாலை மூன்று மணி என்றால் நியூயார்க்கில் மாலை நாலரை அல்லது ஐந்தரை. டால்டன் மேட்டுச் சிப்பாய்கள் தூங்கிய அதே நேரத்தில் மகன் அங்கே விழித்திருக்கிறான். கொல்லைப்புறத்தில் ஆள் அசைந்தால் அவன் போனுக்கு எச்சரிக்கை போகும். ஆனால் அவனால் கதவைத் தட்ட முடியாது. தட்டக்கூடியவர் அடுத்த வீட்டில் இருக்கிறார்.

ஆகவே கேமரா மாட்டியவர்கள் இந்த வாரமே சிலவற்றைச் செய்துவிடுங்கள். வந்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாட்டிய பையனுக்குத் தெரிந்ததையும் மாற்றுங்கள். தேவையில்லாத போர்ட்டை மூடச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் ரௌட்டர் ஓடும்படி இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். படுக்கையறையிலும் பூஜையறையிலும் கேமரா வேண்டாம்; எங்கே வைத்தாலும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள். பக்கத்து வீட்டு எண்ணையும் காவல் நிலைய எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள்.