ஒப்புநோக்கும் வேலை

அலுவலகத்தில் நகல் எடுத்தால் அதோடு வேலை முடிந்துவிடாது. ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் நகலில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். பிரெஞ்சில் இதை ‘கொலாசியோனே’ என்பார்கள். நாங்கள் ‘கம்பேர் பண்ணுவது’ என்போம். அலுப்புத் தட்டும் வேலைதான். ஆனால் பென்ஷன் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால், ஏதோ ஒரு வீட்டில் ஒரு விதவைக்கு அந்த மாதம் பணம் வராது. இந்த வேலையைக் கணினி எப்படிக் கற்றுக்கொண்டது என்பது சுவையான கதை.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், 1969-இல் கென் டாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் ‘யூனிக்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1971-இல் அதை முதன்முதலாக அன்றாட வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். அதே நிறுவனத்தின் பேடண்ட் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவர்கள். நம் இனத்தவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அங்கே டக் மெக்கில்ராய் என்றொருவர் இருந்தார். தோட்டத்து ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவதுபோல நிரல்களையும் மாட்ட வேண்டும் என்று 1964-லேயே குறிப்பு எழுதியவர். 1973-இல் டாம்ஸன் அதைச் செய்து கொடுத்தார். ஒரு நிரல் தரும் விடை அப்படியே அடுத்த நிரலுக்குள் போகும். இப்படி மாட்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுதான் ‘ஷெல் ஸ்கிரிப்ட்’. ஒருமுறை எழுதிவிட்டால் மாதாமாதம் அதே ஒழுங்கில் நடக்கும் நிலையாணை மாதிரி.

கோப்பிலிருந்து வேண்டிய வரியை மட்டும் பொறுக்கும் ‘கிரெப்’ பிறந்த விதத்தைக் கேளுங்கள். 1787-88-இல் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. ஹாமில்டன், மாடிசன், ஜே மூவரும் எழுதியவை. அவற்றில் 12 கட்டுரைகள் ஹாமில்டன் எழுதியவையா, மாடிசன் எழுதியவையா என்று வெகுகாலம் வழக்கு. 1964-இல் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள், ‘அப்பான்’ போன்ற சின்னச் சின்னச் சொற்கள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, மாடிசன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மக்மஹோன் அந்தக் கட்டுரைகளை ஆராய விரும்பியபோது, அங்கிருந்த ‘எட்’ என்ற திருத்தி நிரலுக்குள் அவை அடங்கவில்லை. டாம்ஸன் அந்த நிரலிலிருந்து தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனி நிரலாக்கினார். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் வரி வரியாகப் படித்துப் பொருந்துவதை மட்டும் தரும்.

ஒப்பிடுவதற்கு வருவோம். ஆயிரம் பெயர்கள் கொண்ட இரண்டு பட்டியல்கள் தாறுமாறாகக் கிடந்தால், ஒவ்வொரு பெயருக்கும் மற்றதை முழுக்கத் தேட வேண்டும். பத்து லட்சம் பார்வை வரை ஆகலாம். இரண்டையும் அகரவரிசைப்படுத்திவிட்டால் இரண்டு பட்டியலிலும் ஒவ்வொரு விரலை வைத்துக் கீழே இறங்கினால் போதும், இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். ‘சார்ட்’ வரிசைப்படுத்தும், ‘காம்’ இரண்டு விரலும் வைக்கும். எழுத்துப்பிழை பார்க்கும் பழைய யூனிக்ஸ் நிரல் ஒன்றும் இதே முறைதான். சொற்களைப் பிரித்து வரிசையாக்கி, அகராதியோடு ஒப்பிட்டு, அகராதியில் இல்லாததைக் காட்டியது. கணினிக்கு பிரெஞ்சில் ‘ஓர்தினத்தேர்’, அதாவது ஒழுங்கு செய்வது, என்று 1955-இல் ழாக் பெரே என்ற பேராசிரியர் பெயர் வைத்தார். பொருத்தமான பெயர் என்பது என் கட்சி.

ஆனால் கடிதத்தையோ அரசாணையையோ அகரவரிசைப்படுத்த முடியுமா? அதற்காக மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹன்ட்டும் செய்ததுதான் ‘டிஃப்’. அதன் முறையை 1976-இல் அறிக்கையாக எழுதினார்கள். இரண்டு கோப்புகளிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளை எவ்வளவு அதிகமாக எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்துவிடு, மிஞ்சியதுதான் வித்தியாசம். நகல் எடுத்தவர்களுக்குத் தெரியும், இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால் கண் முதல் வரியிலிருந்து இரண்டாவதற்குத் தாவி, நடுவில் இருப்பது காணாமல் போகும். டிஃப் அதைத் தப்பவிடாது.

எது சரி என்று மட்டும் அது சொல்லாது. எங்கள் புதுவையில் குமார் என்ற பெயரைப் பிரெஞ்சு முறையில் எழுதினால் ‘சி’யில் தொடங்கும், ஆங்கில முறையில் ‘கே’யில் தொடங்கும். சார்ட் அவரை இரண்டு இடத்தில் உட்கார வைக்கும், காம் இரண்டு ஆளாகக் காட்டும். பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தெரு எல்லாம் பார்த்து, ஒருவர்தான் என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட அங்கே ஒரு குமாஸ்தா வேண்டும்.