காகிதப் பைக்கு அடி அமைத்தவர்

பென்சில்வேனியாவில் வாழ்ந்த சிபில்லா மாஸ்டர்ஸ், மக்காச்சோளத்தை இடித்துப் பதப்படுத்தப் புதிய முறை ஒன்றைக் கண்டறிந்தார். இங்கிலாந்து அரசர் 1715இல் அதற்கு அளித்த காப்புரிமை அவருடைய கணவர் தாமஸின் பெயரில் இருந்தது. கண்டறிந்தவர் மனைவியே என்பதை அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் மணமான பெண்ணின் உடைமை கணவனுக்கே உரியது என்பது அன்றைய ஆங்கிலேயச் சட்டம். தொழிற்புரட்சியின் தொடக்கக் காலத்தில் பெண்களின் கண்டுபிடிப்புகள் பல பதிவேட்டில் ஏறாமல் போனதற்கு இச்சட்டம் முக்கியக் காரணம். அமெரிக்காவில் மேரி கீஸ், வைக்கோலைப் பட்டு நூலுடன் சேர்த்துப் பின்னும் முறைக்கு 1809இல் தம் பெயரிலேயே காப்புரிமை பெற்றார். அந்த ஆவணமோ 1836இல் காப்புரிமை அலுவலகத்தில் பற்றிய தீயில் அழிந்தது.

காகிதப் பைக்கு அடி அமைக்கும் இயந்திரத்தை உருவாக்கிய அமெரிக்கர் மார்கரெட் நைட்டின் வழக்கு விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. மெய்ன் மாநிலத்தில் 1838இல் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே நியூ ஹாம்ப்ஷயரின் பஞ்சாலையில் வேலைக்குச் சென்றார். தறியிலிருந்து தெறித்த நாடா ஒரு தொழிலாளியைக் காயப்படுத்தியதைப் பார்த்து, அத்தகைய விபத்தைத் தடுக்கும் அமைப்பு ஒன்றைச் செய்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 12. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை.

பின்னர் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் காகிதப் பை ஆலையில் சேர்ந்தார். அக்காலத்தில் இயந்திரம் செய்த பைகள் கடித உறை போலத் தட்டையானவை. பொருள் நிரப்பினால் நிற்காது. சதுரமான அடிப்பகுதி உள்ள பைகளைக் கையால்தான் மடித்து ஒட்டினார்கள். காகிதக் குழலை வெட்டி, அடியை மடித்து, பசை தடவி ஒட்டும் வேலை முழுவதையும் செய்யும் இயந்திரத்தை நைட் வரைந்து, மரத்தில் மாதிரி செய்து, அதில் பைகளையும் தயாரித்துப் பார்த்தார். பொறியியல் படிக்காத ஒரு தொழிலாளியின் சாதனை இது.

இரும்பு மாதிரியைப் பட்டறையில் செய்துகொண்டிருந்தபோது அதைக் கண்ட சார்லஸ் அன்னன் என்பவர் அதே வடிவத்துக்குத் தாமே காப்புரிமை பெற முயன்றார். நைட் வழக்குத் தொடுத்தார். வரைபடங்களும் குறிப்புகளும், இயந்திரம் படிப்படியாக உருவானதை நேரில் கண்டவர்களின் சாட்சியமும் அவர் பக்கம் நின்றன. 1871இல் காப்புரிமை அவருக்கே கிடைத்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர் பெயரே பதிவேட்டில் ஏறியது.

காகிதப் பைக்குப் பின் காலணித் தயாரிப்பு இயந்திரங்கள், சுழல் எஞ்சின் பாகங்கள் எனப் பலவற்றை உருவாக்கி, 1914இல் இறக்கும் முன் 20க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார்.