தூண்டில் மீன்பிடிப்பில் தீனி உருண்டை: சென்னையின் மேற்கு ஏரிகளை முன்வைத்து ஒரு வரலாறு

முன்னுரை

தூண்டில் முள்ளில் கோர்க்கும் இரை வேறு, மீன்களை ஓரிடத்துக்கு வரவழைக்க நீரில் இடும் தீனி வேறு. இரை மீனைப் பிடிக்கிறது; தீனி மீனைக் கூட்டுகிறது. தவிடு, பிண்ணாக்கு, மாவு ஆகியவற்றைப் பிசைந்து உருட்டி, தூண்டில் போடுமிடத்தில் முன்கூட்டியே எறிவது உலகின் பல நாடுகளில் பழைய வழக்கம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார ஏரிக்கரைகளிலும் இதைக் காணலாம். இந்த எளிய உருண்டைக்குள் நெல் விளைந்த நிலம், எண்ணெய் ஆட்டிய செக்கு, ஏரியின் மீது ஊருக்கு இருந்த உரிமை ஆகியவற்றின் வரலாறு அடங்கியிருக்கிறது.

பழைய நூல்களில் தூண்டிலும் தீனியும்

சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் தூண்டில் பலமுறை இடம்பெறுகிறது. சூதில் பெறும் வெற்றியை, தூண்டில் முள்ளை இரையென்று விழுங்கிய மீனின் நிலையோடு ஒப்பிடுகிறது திருக்குறளின் சூது அதிகாரம். கேட்பவர் அனைவருக்கும் தூண்டில் பழகிய பொருளாக இருந்தால்தான் இத்தகைய உவமை எடுபடும்.

தீனியிட்டு மீன் பிடிப்பதைப் பற்றிய விரிவான பழைய இந்தியப் பதிவு, மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் உள்ளது. அரசர்களின் பொழுதுபோக்குகளைச் சொல்லும் பகுதியில் மீன் விளையாட்டுக்கும் தனி இடம் தரப்பட்டுள்ளது. மீன் வகைகள், அவற்றுக்கு அளிக்க வேண்டிய உணவு, தூண்டில் போடும் முறை ஆகியவை அதில் பேசப்படுகின்றன.

இங்கிலாந்தில் ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூலும், வேகவைத்த பார்லி முளைதானியத்தை நீரில் இட்டு மீன்களைக் கூட்டும் வழியைச் சொல்கிறது. வங்காளத்தில் இத்தகைய தீனிக்கு ‘சார்’ என்றே பெயர். வறுத்த கடுகுப் பிண்ணாக்கும் வெந்தயமும் மணமுள்ள கிழங்குகளும் அதில் சேரும். அவரவர் ஊரில் தானியத்திலும் எண்ணெய் வித்திலும் மிஞ்சியது எதுவோ, அதுவே அவ்வூர் மீனுக்குத் தீனியானது.

ஏரி மீன் யாருடையது?

சென்னையின் மேற்குப் பகுதி ஏரிகளால் ஆன நிலம். செம்பரம்பாக்கம், போரூர், பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர், புழல் என்று அடுத்தடுத்து ஏரிகள் இருக்கின்றன. அம்பத்தூர், கொரட்டூர், மாதவரம் இரட்டை ஏரி ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். பாசனத்துக்காக உருவான இந்த ஏரிகளில் மீனும் ஒரு விளைச்சலாகவே கருதப்பட்டது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னும் சொற்கள் வருகின்றன. நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தியவை இவை. மீன் வருவாயை ஏரிப் பராமரிப்புக்கு ஒதுக்கிய செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்ற தனிக்குழுவைக் குறிப்பிடுகின்றன. ஏரி மீனை ஏலம் விடுவதை இன்றும் ‘மீன்பாசி குத்தகை’ என்கிறார்கள். பழைய பாசிப்பாட்டத்தின் நிழல் அந்தச் சொல்லில் தெரிகிறது.

குத்தகைதாரர் வலை போடுவார். ஊர்க்காரர் தூண்டில் போடுவார். ஒற்றைத் தூண்டிலை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தீனி போட்டு மீனைக் கூட்டிப் பிடிப்பவரைக் குத்தகைதாரர் அப்படி விடுவதில்லை. குத்தகை ஏரியில் அனுமதி கேட்டுவிட்டுத் தூண்டில் போடுவதே முறை.

கூட்டும் பிண்ணாக்கும் கொல்லும் பிண்ணாக்கும்

நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். 19ஆம் நூற்றாண்டில்தான் சென்னை மாகாணத்தில், குறிப்பாகத் தென்னார்க்காட்டில், பெருமளவில் பரவியது. அதற்கு முன் செக்கில் ஆடியவற்றுள் முதன்மையானவை எள்ளும் இலுப்பையும். இன்று தீனியில் முதலிடம் பெறும் கடலைப் பிண்ணாக்கு, அந்த வகையில் புதுவரவே.

எல்லாப் பிண்ணாக்கும் மீனுக்கு உணவாகாது. இலுப்பைப் பிண்ணாக்கில் உள்ள சபோனின் என்னும் பொருள் மீனின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கொல்லும். மீன் வளர்ப்போர் குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள தேவையற்ற மீன்களை அழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீருக்குச் சுமார் 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இடுகிறார்கள். இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு நீங்கி அதுவே எருவாகிவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பிண்ணாக்குகளில் ஒன்று மீனை அழைக்கிறது, மற்றது அழிக்கிறது.

நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன் பிடிப்பது 19ஆம் நூற்றாண்டில் அரசின் கவனத்துக்கு வந்தது. சென்னை மாகாண மருத்துவப் பணியிலிருந்த பிரான்சிஸ் டே இந்திய நன்னீர் மீன்வளம் பற்றி 1873இல் அறிக்கை அளித்தார். அதே ஆண்டில் சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற தூண்டில் நூலை வெளியிட்டார். குளம் ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றியே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்ற தனி நூலை 1887இல் எழுதினார். இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது. நீரில் வெடிவைப்பதும் நஞ்சிடுவதும் அதன்படி குற்றமாயின.

மீன்கள் மாறின, தீனியும் மாறியது

இந்த ஏரிகளின் பழைய மீன்கள் கெண்டை, விரால், கெளுத்தி, குறவை, அயிரை முதலியவை. விரால் உயிருள்ள இரையைத் துரத்தும் மீன். மாவு உருண்டை அதை ஈர்க்காது. கெண்டை இனங்களுக்கே தீனி பயன்படும்.

சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென அரசு அமைப்பு 1907இல், பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் தோன்றியது. 1952இல் திலாப்பியா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் மக்கள் அதற்கு ஜிலேபி மீன் என்று பெயரிட்டுவிட்டார்கள். 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி, பெருங்கெண்டைகளை ஊக்குநீர் ஊசியால் முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் நாடெங்கும் கிடைக்கத் தொடங்கின; தமிழக ஏரிகளிலும் விடப்பட்டன.

பண்ணைகளில் இந்தக் குஞ்சுகளுக்கு அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையில் கலந்து கொடுப்பது வழக்கம். ஏரிக்கரையில் தூண்டில் போடுபவர் பிசையும் தீனியும் ஏறத்தாழ அதுவே. இதற்கான பொருள்களுக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தவிடும் பிண்ணாக்கும் எந்த மாட்டுத்தீவனக் கடையிலும் கிடைக்கும்.

தீனி செய்யும் முறை

இரண்டு பங்கு தவிடு, ஒரு பங்கு கடலைப் பிண்ணாக்கு என்பது எளிய அளவு. பிண்ணாக்கை ஊறவைத்து உதிர்க்க வேண்டும். தவிட்டை மணம் வரும்வரை வறுத்தால் நல்லது. ஒட்டுவதற்கு மைதாவோ குழைந்த சோறோ சிறிது சேர்க்கலாம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும்.

உருண்டை கையில் உடையக் கூடாது; நீருக்குள் சில நிமிடங்களில் உடைந்துவிட வேண்டும். இதுவே பதம். கட்லா மேல்நீரிலும் ரோகு நடுநீரிலும் மிர்கால் அடித்தரையிலும் மேய்பவை. எனவே கட்லாவுக்குத் தளர்வாகவும் மிர்காலுக்கு இறுக்கமாகவும் பிடிப்பார்கள். சிறிய கம்பிச் சுருளைச் சுற்றித் தீனியை அப்பி, அதிலிருந்து தொங்கும் முட்களை உள்ளே புதைத்து எறியும் ‘ஸ்பிரிங்’ முறையும் இன்று பரவலாக உள்ளது. இதில் தீனியும் இரையும் ஒன்றாகிவிடுகின்றன.

அளவுதான் முக்கியம். மீன் தின்னாமல் விட்ட மாவு அடியில் அழுகும். அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்திருக்கும். சிறு குளத்தில் கூடை கூடையாகத் தீனி கொட்டினால், அழைத்த மீனையே மூச்சுத் திணற வைத்தவர் ஆவோம்.

நகரம் வந்தபின்

1872 முதல் புழல் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கமும் பின்னர் குடிநீர் ஏரியானது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. வயல்கள் மனைகளாயின. பாசனம் நின்ற ஏரிகளுக்கு மழைநீரோடு கழிவுநீரும் வந்து சேர்ந்தது.

கழிவுநீரில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியையும் ஆகாயத்தாமரையையும் பெருக்குகின்றன. அளவு மீறிக் கொட்டிய தீனி ஒரு சிறு குளத்துக்குச் செய்வதை, கழிவுநீர் ஒரு முழு ஏரிக்கு நாள்தோறும் செய்கிறது. ஆக்சிஜன் குறைந்த நீரில் கட்லாவும் ரோகுவும் நிலைப்பது கடினம். ஜிலேபியும், காற்றையும் சுவாசிக்கவல்ல ஆப்பிரிக்கக் கெளுத்தியும், கண்ணாடித் தொட்டிகளிலிருந்து தப்பி வந்த ‘டேங்க் கிளீனர்’ மீன்களும் தாக்குப்பிடிக்கின்றன.

முடிவுரை

பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நகருக்குள் சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் தூண்டில் போடவே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எனினும் ஓர் ஏரி பிழைத்திருப்பதற்கு அடையாளம் கரையோர நடைபாதை மட்டுமன்று. இரண்டு கைப்பிடித் தவிடும் ஒரு கைப்பிடிப் பிண்ணாக்கும் எறிந்தால் எந்த மீன் வருகிறது, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்க முடிகிறதா என்பதும் அதைச் சொல்லும். மீன் வருவாயைக் கொண்டே ஏரியைப் பேணிய ஊர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.