தாங்கியும் தூரமும்
சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் எரிபொருளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றை எழுதியோர் தேயிலை, இறப்பர் ஆகியவற்றின் விலை, தொழிலாளரின் கூலி, குடியுரிமை என்பனபற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். தோட்டத்துக்கும் பட்டினத்துக்குமிடையே ஓடிய மோட்டார் வண்டியின் தாங்கியில் எத்தனை கலன் பெற்றோல் கொள்ளும் என்ற வினா இத்தகைய பெரும்பொருள்களின் முன் அற்பமாகவே தோன்றும். ஆயின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களைப் பொறுத்தவரை இவ்வினா அத்துணை அற்பமானதன்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலுமா, பறித்த கொழுந்து வாடுமுன் தொழிற்சாலையை அடையுமா என்பன நெடுங்காலமாக அத்தாங்கியைச் சார்ந்தே இருந்து வந்துள்ளன. அத்தாங்கியோ நாட்டின் அந்நியச் செலாவணியைச் சார்ந்திருந்தது. அச்செலாவணியின் கணிசமான பகுதியைத் தேடிக்கொடுத்த மக்களே அத்தாங்கிக்கு மிகத் தொலைவில் நின்றனர் என்பதே இவ்வரலாற்றின் முரண்.

சப்ரகமுவ நீர்வளம் மிக்க, மேடுபள்ளமான நிலம். களனி கங்கையும் களு கங்கையும் அதனை ஊடறுத்துச் செல்கின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புலத்கொஹுபிட்டிய முதலிய கேகாலைப் பகுதிகளில் இறப்பர் மேலோங்கியது. பலாங்கொடை, இறக்குவானை மலைச்சரிவுகளில் தேயிலை நிலைத்தது. இவற்றின் விளைபொருள்களைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவென்றே களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. ஒடுக்கமான அப்பாதை 1912 இல் இரத்தினபுரியை அடைந்து, பின்னர் ஓப்பநாயக்கை வரை நீண்டது. அதன் எட்டியாந்தோட்டைக் கிளை 1942 இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிவரை சென்ற பகுதியும் 1970களில் கைவிடப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை இரத்தினபுரி மாவட்டத்தின் போக்குவரத்து முழுவதும் தெருவையே நம்பியுள்ளது. தெருவை நம்புவதென்பது எரிபொருளை நம்புவதேயாகும். புகையிரதப் பாதையை இலாபநட்டக் கணக்குப் பார்த்து மூடியோர் இந்த மறுபக்கக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தோட்டங்களுக்குப் பெற்றோல் முதலில் தகரங்களில் வந்தது. ஏறத்தாழ நான்கு கலன் கொண்ட இரு தகரங்களை ஒரு மரப்பெட்டியில் அடைத்து விற்பது கீழைத்தேய எண்ணெய் வணிகத்தின் பொதுவழக்கம். பெற்றோல் துரையின் வண்டிக்குப் போயிற்று. மண்ணெண்ணெய் லயத்தின் குப்பி விளக்குக்கு வந்தது. வெறுந்தகரங்கள் பீலியில் தண்ணீர் சுமக்கும் பாத்திரங்களாயின. மோட்டார் யுகம் லயத்துக்குள் நுழைந்தது வண்டியாக அன்று, வெறுந்தகரமாகவே எனலாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெற்றோல் பங்கீட்டுச் சீட்டுக்கு உட்பட்டது. போர் முடிந்தபின் 1950களில் பிரித்தானியாவின் சிறிய கார்கள் இந்நாட்டுக்குப் பெருந்தொகையாக வந்திறங்கின. அவற்றுள் 1948 இல் அறிமுகமான மொறிஸ் மைனர் தனியிடம் பெற்றது. அலெக் இஸிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வண்டியை வைத்தியரும் உத்தியோகத்தரும் வாங்கினர். பின்னர் அது கைமாறி வாடகைக் காராகத் தெருவோரம் நின்றது. அதன் தாங்கி பின்புறத்தில், பொதிவைக்கும் அறையின் அடியில் அமைந்திருந்தது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 5 பிரித்தானியக் கலன், அதாவது 22.7 லீற்றர். 1957 அளவில் அது 6½ கலனாக, ஏறத்தாழ 29.5 லீற்றராகப் பெருப்பிக்கப்பட்டது. கலனுக்கு 40 மைல் எனக் கொண்டால் முன்னையது 200 மைலும் பின்னையது 260 மைலும் ஓட வேண்டும். இது சமதரைக் கணக்கு. முதலாம், இரண்டாம் கியர்களில் முனகிக்கொண்டு மலையேறும் வண்டிக்கு இக்கணக்குப் பொருந்தாது என்பதைச் சாரதிகள் நன்கறிவர்.

இங்கு தாங்கியின் கொள்ளளவுக்கும் பயன்படும் அளவுக்குமுள்ள வேறுபாடு நோக்கற்பாலது. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் தாங்கியின் அடித்தளத்தைத் தொடுவதில்லை. சற்று மேலே நிற்கும். துருவும் மண்டியும் நீரும் அடியில் தங்கிவிட, மேலுள்ள தெளிந்த பெற்றோல் மட்டும் செல்வதற்கான ஏற்பாடு அது. எனவே அடியிலுள்ள சிறு பகுதி கணக்கில் உண்டு, கையில் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சியுள்ள பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுமாயின், குழாய் காற்றையே உறிஞ்சும். மொறிஸ் மைனரின் மின்விசைப் பம்பு சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என ஒலித்து, காபுரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் அடங்கும். அடங்காது ஒலித்துக்கொண்டே இருந்தால் தாங்கி வற்றிவிட்டது, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகின்றது என்பது பொருள். அளவுகாட்டி முள்ளை நம்பாத பழைய சாரதிகள் இவ்வொலியை நம்பினர்.

தாங்கியைக் காற்பங்குக்குக் கீழ் இறங்கவிடலாகாது என்ற விதி இதனாலேயே தோன்றியது. ஈரலிப்பு மிகுந்த இப்பிரதேசத்தில் அவ்விதிக்கு வேறொரு காரணமும் உண்டு. வெறுமையான தாங்கியில் காற்று நிறைந்திருக்கும்; இரவுக் குளிரில் அக்காற்றின் ஈரம் தாங்கியின் உட்சுவரில் நீராகப் படியும். நீர் பெற்றோலிலும் பாரமானது. அடியில் தங்கித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே வண்டியைப் பலநாள் நிறுத்திவைப்போர் தாங்கியை நிரப்பி நிறுத்துவதே முறை. எனினும் கழுத்துவரை நிரப்புவதும் தவறு. வெயிலில் பெற்றோல் விரிவடையும். சரிவில் நிறுத்திய வண்டியின் மூடிவழியே அது கசியும். பவுசர் வந்து நிலத்தடித் தாங்கியில் எண்ணெய் இறக்கும் வேளையில் அடிமண்டி கலங்குமாதலால், சற்றுப் பொறுத்து நிரப்புவோரும் உளர். 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களிற்போல் களு கங்கை பெருகி இரத்தினபுரி நகரை மூடும் காலங்களில் இவ்வெச்சரிக்கை மிக வேண்டப்படுவது. ஐயத்துக்குரிய பெற்றோலைப் பதனிட்ட மெல்லிய தோலினூடாக வடிப்பது பழைய வழக்கம். பெற்றோல் இறங்கும், நீர் தங்கிவிடும்.

இவ்வழக்கங்கள் யாவும் அறிவுடையன அல்ல. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிட்டுப் பெற்றோல் மிச்சம்பிடிப்பது அவற்றுள் ஒன்று. எஞ்சினின் பிடிப்பு நீங்கிய வண்டியின் முழுப்பாரமும் பிறேக்கின்மீது விழ, அது சூடேறிப் பிடிப்பிழக்கும். மிச்சமாகும் சில துளிகளுக்கு இது மிகப்பெரிய விலை.

1961 இல் நிறைவேறிய 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஷெல், கல்ரெக்ஸ், எஸ்ஸோ ஆகிய அந்நியக் கம்பனிகளின் கையிலிருந்த வணிகம் படிப்படியாக அரசிடம் வந்து, 1964 சனவரி 1 முதல் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயிற்று. நட்டஈடு தாமதித்ததைக் காரணங்காட்டி 1963 இல் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1965 இல் நட்டஈடு பற்றிய இணக்கம் ஏற்பட்டது. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. பம்புகளின் மேல் தொங்கிய பெயர்ப்பலகைகள் மாறின. மசகெண்ணெய் மட்டும் முன்போலக் கடல்கடந்தே வந்தது.

இதே 1960களின் தொடக்கத்தில் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை இந்நிலை நீடித்தது. பழைய வண்டிகள் இந்நாட்டின் தெருக்களில் நீடித்து ஓடியமைக்குக் காரணம் பழைமைமீதுள்ள பற்று எனச் சிலர் கூறுவர். அது பிற்காலத்தார் கற்பித்த காரணம். புதியது வர வழியில்லை என்பதே உண்மை. வழியில்லாமை கைத்திறனை வளர்த்தது என்பதையும் மறுத்தற்கில்லை. மொறிஸ் மைனரின் உடற்பகுதித் தகடுகள் பிற்காலத்தில் இலங்கையில் ஆக்கப்பட்டு, அவ்வண்டி பிறந்த பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டன.

1973 இறுதியில் மசகெண்ணெய் விலை சில மாதங்களுள் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அதே வேளையில் உலகச்சந்தையில் கோதுமையும் விலையேறிற்று. எண்ணெய்க்கும் மாவுக்கும் ஒரே பணப்பையிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தது. பட்டினத்தில் கார்கள் முடங்கின. தோட்டங்களில் மனிதர் பட்டினியால் மாண்டனர். 1974 இல் தோட்டப்புறங்களின் இறப்புவீதம் கூர்மையாக உயர்ந்தமை மலையக வரலாற்றின் மிகத் துயரமான பக்கங்களுள் ஒன்று. எரிபொருள் நெருக்கடியைக் கார் உரிமையாளரின் இடர்ப்பாடாக மட்டும் காணும் பார்வை எவ்வளவு குறுகியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. துரையின் கார் ஜீப்பாக மாறியது. லயத்தாருக்கு முச்சக்கரவண்டி வந்தது. பழைய வாடகைக் காரின் இடத்தை எட்டு லீற்றர் கொள்ளும் சிறு தாங்கியுடைய இவ்வண்டியே பிடித்துக்கொண்டது. பிரசவ வேதனையுற்ற பெண்ணைக் கரவனெல்லைக்கோ பலாங்கொடைக்கோ கொண்டுசெல்வதும் அதுவே. பழைய கார்களுக்கு வேறொரு சிக்கல் நேர்ந்தது. 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. காற்றின் தூய்மைக்கு அது நன்று. ஆனால் ஈயப்படிவைக் காப்பாகக் கொண்டு இயங்கிய பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேயலாயின. கடினமான இருக்கைகளைப் பொருத்தியோர் தப்பினர்.

2022 இன் நெருக்கடி இவ்வரலாறு முழுவதையும் ஓராண்டுக்குள் சுருக்கிக் காட்டியது. மார்ச் மாதம் ஒக்டேன் 92 பெற்றோலின் விலை லீற்றருக்கு 177 ரூபாவிலிருந்து 254 ரூபாவாயிற்று. ஏப்ரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. சில நாள்களில் ஒரு தடவைக்குக் காருக்கு 5,000 ரூபாவுக்கும் முச்சக்கரவண்டிக்கு 1,500 ரூபாவுக்கும் மட்டுமே எரிபொருள் எனக் கூட்டுத்தாபனம் வரையறுத்தது. லீற்றரால் அன்றி ரூபாவால் வரையறுத்ததன் விளைவை நோக்குக. 254 ரூபா விலையில் 5,000 ரூபாவுக்கு 19.7 லீற்றர் கிடைக்கும். ஏப்ரல் 18 நள்ளிரவில் விலை 338 ரூபாவாக ஏற, அதே தொகைக்கு 14.8 லீற்றரே கிடைத்தது. முச்சக்கரவண்டியின் பங்கு 5.9 லீற்றரிலிருந்து 4.4 லீற்றராகக் குறைந்தது. வரிசையில் நின்ற இரவிலேயே வரிசையின் பயன் கால்வாசி கரைந்துபோயிற்று.

மறுநாள், ஏப்ரல் 19 அன்று, கேகாலை மாவட்டத்தின் றம்புக்கனையில் எரிபொருளுக்காகக் காத்திருந்தோர் புகையிரதப் பாதையை மறித்து ஆர்ப்பாட்டம் செய்தனர். பழைய விலைக்கே எரிபொருள் வேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அவ்வாண்டின் போராட்டங்களில் துப்பாக்கிக்கு முதலில் இரையான உயிர் தலைநகரில் அன்றி, ஒரு சிறு மலைப்பட்டினத்தின் எண்ணெய் வரிசையிலேயே போயிற்று.

காற்பங்குக்குக் கீழ் இறங்கவிடாதே என்ற பழைய விதி அப்போது வேறொரு முகத்தைக் காட்டிற்று. வழமையாக அரைத்தாங்கியோடு ஓடும் 30 லீற்றர் தாங்கி வண்டிகள் யாவும் ஒரே வாரத்தில் முழுத்தாங்கியாக நிரப்ப முற்பட்டால், ஒவ்வொன்றும் 15 லீற்றரை மேலதிகமாகப் பெற்றுத் தெருவோரத்தில் உறங்கவைக்கும். கொலன்னாவையில் இருக்க வேண்டிய இருப்பு நாட்டின் வண்டிகளின் வயிற்றில் பரவிக் கிடக்கும். ஒருவனுக்கு முன்மதியாக இருப்பது எல்லாருக்குமாகச் சேரும்போது பஞ்சமாகின்றது. தாங்கி பெரிதாயுள்ளவன் முந்திக்கொள்வான். எட்டு லீற்றர்க்காரன் மீண்டும் மீண்டும் வரிசைக்கு வருவான். தாங்கியே இல்லாதவன் பஸ் வரும்வரை நிற்பான்.

யூன் 26 இல் விலை 470 ரூபாவைத் தொட்டது. 2021 மார்ச்சில் விதிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளத்தால், ஆண்டின் தொடக்கத்தில் 5.6 லீற்றர் வாங்கலாம், இப்போது 2.1 லீற்றரே வாங்கலாம். யூன் இறுதியிலிருந்து இரு வாரங்களுக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அறிவிக்கப்பட்டது. மண்ணெண்ணெயோ ஓகத்து மாதத்தில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தாவலில் ஏறியது. கார்க்காரரின் துன்பத்தைப் பேசிய அளவுக்கு லயத்து விளக்கின் இந்த விலையேற்றம் பேசப்படவில்லை.

யூலையில் வந்த கியூஆர் முறை வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றரும், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் எனப் பங்கிட்டது. ரூபாவை விட்டு லீற்றருக்குத் திரும்பியமையே அதன் நியாயம். வரிசைகள் குறைந்தன. ஆயினும் பங்கு வண்டிக்கே வழங்கப்பட்டது, அது சுமந்து செல்லும் மக்கள் தொகைக்கு அன்று. ஒரு குடும்பத்தின் காருக்கு 20 லீற்றர். பல லயங்களுக்கு நோய்வண்டியாக ஓடும் முச்சக்கரவண்டிக்கு அதன் காற்பங்கு.

அம்முறை 2023 செப்தெம்பர் 1 முதல் நீக்கப்பட்டது. 2024 இல் அமெரிக்காவின் ஆர்.எம். பார்க்ஸ் நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே, அறுபது ஆண்டுகளுக்கு முன் அகற்றப்பட்ட ஷெல் என்னும் பெயர் மீண்டும் இலங்கைச் சந்தைக்கு வரலாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், 1960களிற் போலவே, பழைய வண்டிகளின் விலை ஏறியது. அவற்றின் தாங்கிகள் கழற்றித் துருநீக்கப்பட்டு, மீண்டும் பொருத்தப்பட்டன.