எந்த மூலம்?

நாவல் சினிமாவாகும்போதெல்லாம் நம்மிடையே ஒரே சண்டைதான். மூலத்தைக் கெடுத்துவிட்டான் என்கிறது ஒரு கட்சி. சினிமா வேறு, எழுத்து வேறு என்கிறது இன்னொன்று. மூன்றாவது வாக்கியத்துக்குள் வசை வந்துவிடுகிறது; சிறுபத்திரிகைக்காரர்களான நாமும் இதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. மூலம் என்று அசையாத ஒன்று உண்டு, அது தன் கையில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இந்தக் கோபத்தின் அடியில் இருப்பது. நம்முடைய சரித்திரம் அந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை.

கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் இயக்கிய படத்தின் புகைப்படங்களே சித்திரங்களின் இடத்தில் அச்சாயின. படம் 1939ல் வந்தது. தொடரைப் படித்தவனுக்குச் சம்பு சாஸ்திரி பாபநாசம் சிவனின் முகத்தோடுதான் அறிமுகமானார். இங்கே எது மூலம், எது நகல்?

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை மணியத்தின் சித்திரங்களோடு வந்தது. 2022ல் மணிரத்னத்தின் படத்தைப் பார்த்து 'என் வந்தியத்தேவன் இவனல்ல' என்றவர்களில் பலர் காத்து நின்றது கல்கியின் வார்த்தையை அல்ல, மணியத்தின் தூரிகையை. சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்ற முடிச்சை 2023ல் வந்த இரண்டாம் பாகம் விட்டுவிட்டது. அந்த முடிச்சு கல்கி சரித்திரத்தில் சேர்த்த கற்பனை. கல்கிக்குத் தந்த சலுகையை இன்னொருவருக்கு மறுக்கலாம். ஆனால் காரணம் சொல்லி மறுக்க வேண்டும்.

மாற்றினானா என்பதல்ல, மாற்றம் என்ன செய்கிறது என்பதே கேள்வி. 'உதிரிப்பூக்க'ளின் (1979) ஆற்றங்கரை முடிவு புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் இல்லை. இல்லை என்று சொல்வது தகவல். அந்த முடிவு ஊரையே குற்றத்தில் பங்காளியாக்குகிறதே, அது அவசியமா என்று கேட்டால் விமர்சனம் தொடங்குகிறது. கடுமையாகவே கேட்கலாம். மரியாதை என்பது மழுப்பல் அல்ல.

இதற்கு முன்னுதாரணம் ஜெயகாந்தனிடம் இருக்கிறது. 1966ல் வந்த 'அக்கினிப் பிரவேச'த்தில் தாய், கெட்டுப்போனதாக அழும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். ஜெயகாந்தன் பிறகு எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் கூச்சலிடுகிறாள், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். முன்பு எழுதிய கதையே நாவலுக்குள் அச்சாகி வர, கங்கா அதைப் படிக்கிறாள். 1977ல் ஜெயகாந்தனின் திரைக்கதையில் பீம்சிங் அதைப் படமாக்கினார். அந்தப் படம் எந்த மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? சிறுகதைக்கா, அதைத் திருப்பிப் போட்ட நாவலுக்கா?

ஜெயகாந்தன் கோபக்காரர். மேடையில் யாரையும் விட்டுவைத்தவரல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது வேறு. எதிராளி விரும்பிய முடிவையே எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை அதில் கடைசிவரை வாழவைத்துப் பார்த்தார். சர்ச்சையின் நாகரிகம் என்று நான் சொல்வது இதைத்தான்: எதிராளியின் வழியில், அவனைவிடக் கொஞ்சம் அதிக தூரம் நடந்து பார்ப்பது.